வைட்டமினைக் கூட்டினால் விந்தணு கூடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது, மனைவிக்கு 31. குழந்தைக்காக ஒன்றரை வருடமாக முயற்சி செய்கிறோம். என் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 1.1 கோடி விந்தணுக்கள்தான் இருப்பதாகவும், முன்னோக்கி நீந்துபவை 24 சதவீதம் என்றும் வந்தது. ஹார்மோன் ரிசல்ட் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். வைட்டமின்கள் மரபணுக்களையே இயக்கும், விந்தணுவைச் சரிசெய்யும் என்று படித்துவிட்டு நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன்: ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், ஆண்களுக்கான கருவளக் காப்ஸ்யூல் ஒன்று, மல்டிவைட்டமின் ஒன்று, வைட்டமின் ஈ 400 யூனிட், முடி கொட்டுவதற்காக பயோட்டின் 10 மில்லிகிராம். லேபிள்களைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். மறுபடி டெஸ்ட் எடுத்ததில் பெரிய மாற்றம் இல்லை. டோஸை இரண்டு மடங்காக்கலாமா? இவை என் மரபணுவை மாற்றுமா? அந்த மாற்றம் பிறக்கப்போகும் குழந்தைக்கும் போகுமா?

பதில்: டோஸைக் கூட்ட வேண்டாம். இப்போது சாப்பிடுவதிலேயே பெரும்பகுதியை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் படித்த விஷயம் பொய்யல்ல. அதை வைத்து நீங்கள் போட்ட கணக்குதான் தப்பு.

லேபிள்களை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கூட்டிப் பார்த்தேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரையில் 5000 மைக்ரோகிராம், காப்ஸ்யூலில் 800, மல்டிவைட்டமினில் 400. ஆக ஒரு நாளைக்கு 6200. வளர்ந்த ஓர் ஆணுக்குத் தேவை சுமார் 400. மாத்திரை வழியாக 1000-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு. வைட்டமின் ஏ, காப்ஸ்யூலில் 1500, மல்டிவைட்டமினில் 900, மொத்தம் 2400 மைக்ரோகிராம். உச்ச வரம்பு 3000. டோஸை இரட்டிப்பாக்கினால் 4800 ஆகிவிடும். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் பாதிப்பு கல்லீரலுக்கு. ஒவ்வொரு டப்பாவையும் தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஒரே சத்து மூன்று டப்பாவிலிருந்தும் உள்ளே போகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

சரி, மரபணு விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டில் உள்ள வைட்டமின் உங்கள் மரபணுவின் எழுத்து வரிசையை மாற்றாது. உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆனால் ஒரு செல்லில் எந்த மரபணு எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. அந்தக் கட்டுப்பாட்டில் சில வைட்டமின்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. விந்தணு தயாராகும் விதைகளில் (விரைகளில்) இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. காரணம், அங்கே ஒரு சாதாரண உருண்டைச் செல் வால் முளைத்த விந்தணுவாக மாறுவதற்குள், வரிசை தப்பாமல் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கி அடங்க வேண்டியிருக்கிறது.

இதில் முதலிடம் வைட்டமின் ஏ-வுக்கு. அது இல்லாமல் விந்தணு உற்பத்தியே நடக்காது. வைட்டமின் ஏ இல்லாத உணவு கொடுத்து வளர்த்த எலிகளின் விதைகள் சுருங்கிப்போவதை 1925-லேயே வுல்பாக், ஹவ் என்ற இருவர் பதிவு செய்தார்கள். காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. வைட்டமின் ஏ விதைக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் செல்லின் கருவுக்குள் போய், டி.என்.ஏ. மேல் உட்கார்ந்திருக்கும் ஏற்பிப் புரதங்களோடு இணைகிறது. உடனே அங்குள்ள மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. அப்படி இயங்கும் ஒரு மரபணுவின் பெயர் ஸ்ட்ரா8. மூலச் செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவுக்குள் நுழைய இது வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இதை நேரில் பார்க்கலாம். வைட்டமின் ஏ இல்லாத எலியின் விதையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், குழாய்களின் ஓரத்தில் மூலச் செல்கள் மட்டும் முன்னேறாமல் நிற்கும். உள்பக்கம் வெறுமையாக இருக்கும். வைட்டமின் ஏ கொடுத்ததும் நின்றிருந்த செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். சாதாரண விதையில் குழாய்க்குக் குழாய் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் உற்பத்தி, இங்கே எல்லாக் குழாயிலும் ஒரே கட்டத்தில் இருப்பதைக் காணலாம். ஒரு சத்து மரபணுவை இயக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இதையே திருப்பிப் போட்டு ஆண்களுக்கான கருத்தடை மருந்து தேடுகிறவர்களும் உண்டு. ரெட்டினாயிக் அமிலம் உருவாவதைத் தடுக்கும் ஒரு மருந்தை 1960-களை ஒட்டி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கவுண்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, விழுந்தது, நிறுத்தியதும் திரும்பி வந்தது. ஆனால் அதே மருந்து மதுவைச் சிதைக்கும் நொதி வகையையும் தடுத்ததால், குடித்தவர்களுக்குக் கடும் உபாதை வந்து கைவிடப்பட்டது. இப்போது வைட்டமின் ஏ-வின் ஏற்பியை மட்டும் அடைக்கும் ஒய்.சி.டி.-529 என்ற மருந்து மனிதர்களில் ஆரம்பக் கட்டச் சோதனையில் இருக்கிறது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வைட்டமின் ஏ இங்கே ஒரு சமிக்ஞை. சமிக்ஞை வராவிட்டால் வேலை நிற்கும். வந்துவிட்டால் நடக்கும். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு விந்தணு வராது, ஏனென்றால் மிச்சத்தை அழிப்பதற்கென்றே விதைக்குள் தனி நொதிகள் இருக்கின்றன. ஓரளவு சரியாகச் சாப்பிடும் ஒருவருக்கு விதையைப் பாதிக்கும் அளவு வைட்டமின் ஏ குறைபாடு வருவது அபூர்வம். குடல் சத்தை உறிஞ்சாத நோய், நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசிப்போம்.

அடுத்தது ஃபோலிக் ஆசிட். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். டி.என்.ஏ.வின் சில இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஒட்டப்படும். பொதுவாக அந்தக் குறி விழுந்த மரபணு அடங்கி இருக்கும். குறி போடத் தேவையான மெத்திலை உடம்பு தயாரிக்கும் சுற்றில் ஃபோலேட், பி12, பி6, ரைபோஃபிளேவின், கோலின் எல்லாம் கண்ணிகள். விந்தணு உருவாகும்போது பழைய குறிகள் அழிக்கப்பட்டு, தந்தைக்குரிய குறிகள் புதிதாகப் போடப்படுகின்றன. ஹெச்19 என்ற மரபணுப் பகுதியில் தந்தையின் விந்தணுவில் குறி இருந்தே ஆக வேண்டும். கவுண்ட் குறைந்த ஆண்களிடம் அந்த இடத்தில் குறி விடுபட்டிருப்பது மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது.

ஃபோலேட் குறைந்தால் என்ன ஆகும்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாள் முழுக்க ஃபோலேட் குறைவான உணவில் வளர்ந்த ஆண் சுண்டெலிகளின் விந்தணுக்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. அவற்றின் குட்டிகளிடம் பிறவிக் குறைபாடுகளும் கூடுதலாக இருந்தன. தாய் எலிகளுக்குக் கொடுத்ததோ சரியான உணவு. அப்பாவின் சாப்பாடும் கணக்கில் வரும் என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொன்னது. நீங்கள் படித்தது அநேகமாக இதை ஒட்டிய செய்தியாக இருக்கும்.

ஆனால் கதையின் மறுபாதியை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள ஆண்களுக்கு தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் ஆறு மாதம் கொடுத்தார்கள். நீங்கள் சாப்பிடும் அதே அளவு. குறிகள் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு: விந்தணு டி.என்.ஏ.வில் பல இடங்களில் மெத்தில் குறிகள் குறைந்துவிட்டன. ஃபோலேட்டைக் கையாளும் எம்.டி.ஹெச்.எஃப்.ஆர். மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை இரட்டையாக அமைந்தவர்களிடம் இழப்பு இன்னும் அதிகம். சத்துக் குறைந்தாலும் இந்தச் சுற்று தடுமாறும், வெள்ளமாய்க் கொட்டினாலும் தடுமாறும்.

அந்த ஆய்வு சிறியது என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். பெரியதும் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2370 தம்பதிகளில், ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் 30 மில்லிகிராம் துத்தநாகமும், மறு சாராருக்கு சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. குழந்தை பிறந்தது சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 35 சதவீதம். கவுண்ட், நீந்தும் திறன் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டி.என்.ஏ. உடைந்த விந்தணுக்கள் சத்து மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் கொஞ்சம் கூடுதல், 27.2 சதவீதத்துக்கு எதிராக 29.7. வயிற்று உபாதையும் அவர்களுக்குத்தான் அதிகம். இவ்வளவு தெளிவான முடிவுக்குப் பிறகும் இந்த மாத்திரைகள் நம்பிக்கையோடு வாங்கப்படுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணத்தைவிட, இதை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள்தான் பெரிய நஷ்டம்.

வைட்டமின் சி-க்கு இரண்டு வேலை. மெத்தில் குறிகளை அகற்றும் டெட் என்ற நொதிகளுக்கு அது துணை போகிறது. அப்புறம், விந்துத் திரவத்தில் விந்தணுவைக் காப்பாற்றுகிறது. முதிர்ந்த விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ. பஞ்சுப்பொதி போல அழுத்திக் கட்டப்பட்டிருக்கும். தன் காயத்தைத் தானே பழுதுபார்க்கும் வசதி அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் சுற்றியுள்ள திரவத்தில் இந்த வைட்டமின் ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கிறது. 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களின் உணவில் வைட்டமின் சி-யை நாளொன்றுக்கு 250 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமுக்கு இறக்கினார்கள். விந்துத் திரவத்தில் அதன் அளவு பாதியானது. விந்தணு டி.என்.ஏ.வில் ஆக்சிஜன் விளைவிக்கும் சேதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மீண்டும் கொடுத்தபோது சேதம் இறங்கியது. குறையக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 250 மில்லிகிராம் என்பதே பழமும் காய்கறியும் தாராளமாகச் சாப்பிட்டால் எட்டிவிடும் அளவுதான். மாத்திரை வேண்டியதில்லை.

வைட்டமின் ஈ 400 யூனிட்டை இன்றே நிறுத்துங்கள். வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம், ஃபோலிக் ஆசிட், கார்னிடின், லைகோபீன் எல்லாம் சேர்ந்த கலவையை வைத்து 2020-ல் வெளியான மோக்ஸி ஆய்விலும் விந்தணுவின் தரம் கூடவில்லை. வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜன் எதிரிகளை (ஆன்டிஆக்சிடன்ட்) அளவுக்கு மீறிக் கொட்டுவதில் இன்னொரு சிக்கல்: முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு விந்தணுவுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தூண்டுதல் தேவை. எல்லாவற்றையும் துடைத்து எடுப்பது உதவி ஆகாது. தவிர, இதே 400 யூனிட்டை வருடக்கணக்கில் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த செலக்ட் ஆய்வு 2011-ல் காட்டியது.

வைட்டமின் டி-யும் ஏ போலவே ஏற்பி வழியாக மரபணுக்களை இயக்குவது. விதையிலும் விந்தணுவிலும் அதன் ஏற்பி உண்டு. ஆனால் டென்மார்க்கில் வைட்டமின் டி குறைவாக இருந்த, குழந்தையில்லாத ஆண்களுக்கு அதை ஈடுகட்டிக் கொடுத்தபோது மொத்தத்தில் விந்தணுத் தரம் கூடவில்லை. குறைவாக இருந்தால் எலும்புக்காக ஈடுகட்டுவோம். கவுண்டுக்காக என்று சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பி12 மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், குறிப்பாக நீங்கள் சைவம் என்றால். அதிக ஃபோலிக் ஆசிட், பி12 குறைவினால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

குழந்தைக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். கரு உண்டானதும் தந்தை வழி டி.என்.ஏ.வில் உள்ள மெத்தில் குறிகளில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே அழிக்கப்படுகின்றன. ஹெச்19 போன்ற சில இடங்கள்தான் அந்த அழிப்பில் தப்புகின்றன. ஆகவே நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டதற்காக இரவில் தூக்கம் கெட வேண்டாம். இப்போது நிறுத்தினால், இனி உருவாகும் விந்தணுக்கள் அந்த வெள்ளம் இல்லாமலே உருவாகும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், அப்புறம் முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டு வாரம் வரை. மூன்று மாதக் கணக்கு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இனி செய்ய வேண்டியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு மில்லிக்கு 1.6 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். உங்கள் எண்கள் கீழே இருந்தாலும், இயற்கையாகக் கரு தரிக்கவே முடியாது என்ற நிலை இல்லை. ஆனால் காரணம் தேடியே ஆக வேண்டும். உங்கள் கடிதம் முழுவதிலும் ஒரு மருத்துவர் உங்களை உடல் பரிசோதனை செய்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். குழந்தையில்லாத ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வாரிகோசீல், அதாவது விதைக்கு மேலே ரத்தக் குழாய் புடைப்பு இருக்கும். உங்களை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் புடைப்பு வடிந்து தெரியாமல் போகலாம். கைக்குத் தட்டுப்படும் அளவு இருந்து, கவுண்டும் குறைந்திருந்தால், அறுவை சிகிச்சையில் பலருக்கு முன்னேற்றம் வரும். எந்த வைட்டமினும் இதைச் செய்யாது.

ஜிம்முக்குப் போகிறவரா? தசைக்காக ஊசியோ டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ எடுத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், கவுண்ட் பூஜ்யம் வரை போகலாம். புகை, மடிக்கணினியை மடியில் வைத்து மணிக்கணக்கில் வேலை, முந்தைய மூன்று மாதத்தில் வந்த கடும் காய்ச்சல், இவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. நீங்கள் சாப்பிடும் 10 மில்லிகிராம் பயோட்டின், ஹார்மோன் டெஸ்ட்டையே ஏமாற்றும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்துத்தான் அளக்கின்றன. ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் உண்மையைவிடக் கூடுதலாகவும், விதையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஆகிய ஹார்மோன்கள் குறைவாகவும் காட்டலாம். உங்கள் நார்மல் ரிசல்ட்டை இதனால் நான் அப்படியே நம்பவில்லை. பயோட்டினை நிறுத்தி, குறைந்தது மூன்று நாள் கழித்து, காலை வேளையில், வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். இதற்கு முன் பயோட்டின் சாப்பிட்டதை ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளில் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், வைட்டமின் ஈ, கருவளக் காப்ஸ்யூல், பயோட்டின் நான்கும் வேண்டாம். ரத்தக் குறைபாட்டுக்காகவோ வேறு நோய்க்காகவோ ஒரு மருத்துவர் ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மல்டிவைட்டமின் ஒன்றைத் தொடர்வதில் கெடுதல் இல்லை, கட்டாயமும் இல்லை. கீரை, பயறு வகை, முட்டை, பழம், கொட்டைகள் தினமும் தட்டில் இருந்தால் போதும். உங்கள் வீட்டில் ஃபோலிக் ஆசிட் உண்மையில் தேவைப்படுவது உங்கள் மனைவிக்கு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க, கரு தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் அவர் எடுக்க வேண்டும். அவருக்குக் கூடுதல் டோஸ் வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் இன்னும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை என்றால் அதையும் இந்த மாதமே தொடங்குங்கள். உங்கள் கவுண்ட் குறைவு என்று தெரிந்ததற்காக அவர் பக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த விந்துப் பரிசோதனையை மாத்திரைகளை நிறுத்தி மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இருக்கட்டும். சேகரிக்கும்போது முதல் துளிகள் சிந்தினால் தெரிவித்துவிடுங்கள், பெரும்பாலான விந்தணுக்கள் அந்த முதல் பகுதியில்தான் இருக்கும். உடல் பரிசோதனைக்கும் மறு ஹார்மோன் டெஸ்ட்டுக்கும் அந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஆண் கருவள மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது எல்லா டப்பாக்களையும் எடுத்துப் போய் அவர் மேசையில் வையுங்கள். அவர் கண்டுபிடித்ததையும் மனைவியின் ரிசல்ட்டையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.